நிற்காத தண்ணீர்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட இரண்டாவது வாரம். காலையில் லாயத்துக்குப் போய்ச் செவலையின் முதுகில் கை வைத்தேன். வழவழவென்று இருக்க வேண்டிய இடத்தில் சொரசொரப்பாக ஏதோ தட்டுப்பட்டது. ரோமத்தை விலக்கிப் பார்த்தால் பொருக்கு. ஒன்றை லேசாக நிமிண்டினேன். பொருக்கோடு ஒரு கொத்து ரோமமும் சேர்ந்து, பிள்ளைகள் படம் தீட்டும் தூரிகை முனை மாதிரி விரலோடு வந்துவிட்டது. அது இருந்த இடத்தில் இளஞ்சிவப்பாக, கசிந்துகொண்டிருக்கும் தோல். செவலை முதுகைக் கீழே வளைத்து என் கையிலிருந்து நழுவினாள். சத்தம் போடவில்லை. வலித்தால் நாய் கத்திவிடும். குதிரை பெரும்பாலும் இப்படி ஒடுங்கித்தான் காட்டும்.

அவளை அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாச் சந்தையில் வாங்கினோம். ஆடியில் கூடும் அந்தச் சந்தைக்குச் சின்ன வயதில் அப்பாவோடு வேடிக்கை பார்க்கப் போயிருக்கிறேன். வாங்கப் போனது அதுதான் முதல் தடவை. கத்தியவார் என்ற குஜராத் இனத்தின் கலப்பு. காது இரண்டும் உள்பக்கம் வளைந்து நுனியில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும். செம்மண் நிறம், அதனால் மாட்டுக்கு வைக்கிற பெயரையே வைத்துவிட்டோம். பல்லைப் பார்த்து 7 வயது என்றார்கள். சின்ன லாரியில் ஏற்றி, சேலம் வந்து, 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, நாகலூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் இரண்டு ஏக்கர் காப்பித் தோட்டத்தில் கொண்டுவந்து இறக்கினோம். இறங்கியதும் காப்பிச் செடிகளை மோந்து பார்த்துத் தும்மினாள்.

ஏற்காடு என்றால் ஏரியும் காடும். இரண்டும் இருக்கிற ஊரில் ஈரத்துக்குப் பஞ்சம் இருக்காது. தென்மேற்குப் பருவம் விட்டதும் வடகிழக்குப் பருவம் பிடித்துக்கொள்ளும். மழை இல்லாத நாளிலும் காலை பத்து மணி வரை பனிமூட்டம் தோட்டத்துக்குள் படுத்துக் கிடக்கும். சமவெளி வெயிலில் வளர்ந்த ஒரு குதிரைக்கு அது என்ன செய்யும் என்று நான் யோசிக்கவே இல்லை. மேயட்டும் என்று மழையிலும் அவிழ்த்து விட்டேன். லாயத்துக்குக் கூரை இருக்கிறது, வேண்டுமானால் அவளே உள்ளே வந்துகொள்வாள் என்று நினைத்தேன்.

சேலத்திலிருந்து வந்து பார்த்த மருத்துவர், ரெயின் ராட் என்றார். டெர்மடோபிலஸ் என்ற பாக்டீரியா. தோலில் சும்மா கிடக்குமாம். நாள்கணக்கில் ஈரம் காயாமல் ஊறிய தோலில், பூச்சிக் கடியோ சின்னக் கீறலோ இருந்தால் அது வழியாக உள்ளே இறங்கும். மழைத் தண்ணீர் வழிந்து தேங்கும் முதுகிலும் பிட்டத்திலும்தான் முதலில் வரும். மனிதர்களுக்கும் எப்போதாவது ஒட்டும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள், இதற்குத் தேய்க்கிற பிரஷை வேறு குதிரைக்குத் தொடாதீர்கள் என்றார். நான் வேப்பெண்ணெய் தடவலாமா என்று கேட்டேன். கேட்காமலே தடவியிருப்பேன், நல்லவேளை கேட்டேன். எண்ணெய் போட்டால் ஈரம் உள்ளேயே அடைபட்டுவிடும், காற்றுப் படாத இடத்தில் இந்தக் கிருமி இன்னும் நன்றாக வளரும், தொடவே தொடாதீர்கள் என்றார். குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினி கலந்த கரைசலால் கழுவ வேண்டும், பொருக்கு ஊறி இளகி வரும்போது மட்டும் எடுக்க வேண்டும், மருந்து தோலில் 10 நிமிடம் நிற்க வேண்டும், பிறகு அலசித் துடைத்து, முழுக்க உலர்த்த வேண்டும். முதல் வாரம் தினமும். அப்புறம் வாரம் இரண்டு முறை.

எல்லாம் சரி. ஆனால் செவலை ஒரு நாளும் குளித்தவள் இல்லை. எங்களிடம் வந்த பிறகு உலர்ந்த பிரஷால் தேய்ப்பதோடு சரி. அதற்கு முன்பு யார் என்ன செய்தார்கள் என்று தெரியாது. தண்ணீர் பிடிக்கும் குழாயை அவள் கடந்து போகிற விதத்தை வைத்துப் பார்த்தால், நல்லது எதுவும் செய்திருக்க மாட்டார்கள்.

மறுநாள் பதினொரு மணிக்கு நல்ல வெயில் அடித்தது. சில்வர் ஓக் மரத்தில் தலைக்கயிற்றைக் குட்டையாகக் கட்டினோம். பக்கத்துத் தோட்டத்துத் தம்பி பிடித்துக்கொள்ள வந்தான். நான் ஓஸ் பைப்பைத் திருப்பித் தோளில் அடித்தேன். அவள் விலகினாள். நான் தண்ணீரோடு பின்தொடர்ந்தேன். இந்தப் பக்கம் வந்தாள், தண்ணீரும் வந்தது. அந்தப் பக்கம் போனாள், அங்கேயும் வந்தது. அப்புறம் பின்னுக்கு இழுத்தாள். 300 கிலோவுக்கு மேலிருக்கும் உடம்பு மொத்தத்தையும் போட்டு ஒரு கயிற்றை இழுத்தால் முடிச்சு கல்லாக இறுகிவிடும், அவிழ்க்க முடியாது. முன்னங்கால் வழுக்கி மண்டி போட்டு விழுந்தாள். தம்பி அரிவாளை எடுத்துக் கயிற்றை வெட்டினான். நான் பைப்பைக் கீழே போட்டேன். காதுக்குப் பின்னால் கயிறு அறுத்துத் தோல் வழண்டிருந்தது. முதுகுப் பொருக்கில் இரண்டு பிய்ந்து ரத்தம் கட்டியிருந்தது. அவள் காப்பிச் செடிகளுக்கு நடுவே போய் நின்று நடுங்கினாள். மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது.

"அடியாத மாடு படியாதுக்கா" என்றான் தம்பி. அவன் நல்லவன், எனக்கு உதவத்தான் சொன்னான். ஆனால் அந்தப் பழமொழியை நான் அன்றோடு விட்டுவிட்டேன். அடியால் படிந்தது என்று நாம் சொல்கிற மாடு பாதி நேரம் நம்பிக்கை போய் நிற்கிற மாடுதான்.

இரவு அப்பாவுக்கு போன் போட்டேன். அப்பா அம்மாப்பேட்டையில் இருக்கிறார். அவருடைய அப்பா, என் தாத்தா, சூரமங்கலம் ரயிலடியில் குதிரை வண்டி ஓட்டியவர். சேலம் ஜங்ஷனில் இறங்கி ஊருக்குள் வருகிறவர்களுக்கு அந்தக் காலத்தில் ஜட்காதான் வாகனம். அந்தக் குதிரையைத் தினமும் சாயங்காலம் திருமணிமுத்தாற்றுக்கு ஓட்டிப்போவாராம். இந்த மலையில் பிறந்து சேலத்துக்குள் ஓடுகிற ஆறு அது. இன்றைக்கு அதன் கரையில் நின்றால் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. மலையில் தெளிவாகக் கிளம்பும் தண்ணீரை ஊருக்குள் வந்ததும் சாக்கடையாக்கிய வயிற்றெரிச்சல் எனக்கு ஒரு நாளும் தீராது. அப்பா சிறுவனாக இருந்தபோது அதில் குதிரை குளித்திருக்கிறது.

நான் நடந்ததைச் சொல்லி முடிக்கும் வரை அப்பா பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "அதுக்குத் தண்ணி பயம் இல்ல கண்ணு. நிக்காத தண்ணிதான் பயம்."

"புரியலப்பா."

"அது என்ன பண்ணினாலும் நீ தண்ணிய நிறுத்தல. கடைசியில கயிறு அறுந்து கீழே விழுந்தப்பதான் நிறுத்தின. இப்ப அது என்ன கத்துக்கிட்டிருக்கும்? விழுந்து பொரண்டாத்தான் இது நிக்கும்னு கத்துக்கிட்டிருக்கும்."

எனக்குத் தூக்கம் வரவில்லை. காலை முதல் பேருந்தில் அப்பாவே மலையேறி வந்துவிட்டார்.

குதிரைக்கு ஒரு காரியத்தைப் பழக்குவது பற்றிப் பிறகு நிறையப் படித்தேன், பழக்குகிறவர்கள் செய்வதையும் பார்த்தேன். எல்லோரும் கடைசியில் வந்து நிற்கிற இடம் அப்பா சொன்ன இடம்தான். எந்த நொடியில் தொல்லை நீங்குகிறதோ, அந்த நொடியில் தான் செய்துகொண்டிருந்ததைக் குதிரை சரி என்று எடுத்துக்கொள்ளும். குதித்த நொடியில் தண்ணீரை எடுத்தால் குதிப்பது சரி. நின்ற நொடியில் எடுத்தால் நிற்பது சரி. ஒரே தண்ணீர், ஒரே குதிரை, எடுக்கிற நேரம் ஒரு நொடி முன்பின். அதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதல் நாள் அப்பா தண்ணீர்ப் பக்கமே போகவில்லை. பச்சை ஓஸ் பைப்பை வட்டமாகச் சுருட்டித் தரையில் போட்டார். மரத்தில் கட்டவில்லை. நீளமான கயிற்றைத் தளர்வாகக் கையில் பிடித்துக்கொண்டார். பைப்பிலிருந்து பத்தடி தள்ளி வேகவைத்த கொள்ளு, ஒரு தட்டில். செவலை பைப்பைப் பார்த்து மூக்கை விரித்து ஒரு பெருமூச்சு விட்டாள், நெருப்பு அணைகிற மாதிரி சத்தம். பாம்பு மாதிரி சுருண்டு கிடக்கிற, இழுத்தால் சருகில் சரசரக்கிற ஒன்றைக் கண்டு பயப்படாத குதிரை காட்டில் பிழைத்திருக்காது. குதிரைக்குக் கண் பக்கவாட்டில் இருக்கிறது. கிட்டத்தட்ட தன்னைச் சுற்றி முழு வட்டமும் தெரியும். நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்சமும் வாலுக்கு நேர் பின்னால் கொஞ்சமும்தான் தெரியாது. தெரியாத இடத்திலிருந்து எது வந்தாலும் முதலில் ஓடு, அப்புறம் யோசி என்பதுதான் அதன் உடம்பில் எழுதியிருக்கிற பாடம். அன்று சாயங்காலத்துக்குள் தட்டு பைப்பின் வட்டத்துக்கு நடுவே போயிருந்தது. அவள் தலையை வட்டத்துக்குள் விட்டுக் கொள்ளு தின்றாள். அதோடு அன்றைய பாடத்தை முடித்துவிட்டார். எனக்கு இன்னும் செய்யலாமே என்றிருந்தது.

அந்த நாட்களில் பொருக்குக்கு மருந்து போடாமல் இருந்துவிட முடியாது. மருத்துவரிடம் சொன்னேன். வேறு வழியில்லை என்றால் பஞ்சை நனைத்து ஒற்றி எடுங்கள், அவளை மழையில் மட்டும் விடாதீர்கள், அதுவே பாதி மருந்து என்றார். அப்படியே செய்தோம். பஞ்சு ஒற்றுவதை அவள் பொறுத்துக்கொண்டாள். பஞ்சு சத்தம் போடாது, துரத்தாது.

இரண்டாம் நாள் அப்பா செய்ததை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கழற்றி, ஒரு வாளித் தண்ணீரோடு அவள் எதிரே இரண்டு கை தூரத்தில் நின்றார். மக்கில் மொண்டு தன் காலில் ஊற்றிக்கொண்டார். மெதுவாக. இடக்காலில் ஒரு மக்கு, வலக்காலில் ஒரு மக்கு. பிறகு என்னை அழைத்து என் காலில் ஊற்றினார். கோயிலுக்குள் போகும் முன் கால் அலம்புவோமே, அதே நிதானம். செவலை காதை முன்னால் நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்க தாத்தா குதிரையைக் குளிப்பாட்டினதே இல்ல கண்ணு. குதிரையோட சேர்ந்து அவரு குளிப்பாரு. அவரு முதல்ல எறங்குவாரு. அது நின்னு பாக்கும். தண்ணி அவர ஒண்ணும் பண்ணலன்னு தெரிஞ்சதும் அதுவா எறங்கும்." எங்கள் காலிலிருந்து ஓடிய தண்ணீர் சரிவில் இறங்கி அவள் குளம்பைத் தொட்டது. குளம்பைத் தூக்கினாள். ஈர மண்ணைப் பார்த்தாள். திரும்ப அதே இடத்தில் வைத்தாள்.

அதற்குப் பிறகுதான் அவள் மேல் முதல் தண்ணீர். முன்னங்கால், இடப்பக்கம், குளம்பின் மேல், அரை மக்கு. அப்பா கயிற்றைப் பிடித்துக்கொள்ள நான் ஊற்றினேன். ஒல்லியாக, நூல் பிடித்த மாதிரி. காலைத் தூக்கினாள். நான் பதறி எடுக்கப் போனேன். "எடுக்காத, கூடவே போ, மேல ஏத்தாத" என்றார். காலைக் கீழே வைத்தாள். "இப்ப எடு." எடுத்தேன். கழுத்தைத் தடவி, ஒரு பிடி கொள்ளு. திரும்ப ஊற்றினேன். இந்த முறை தூக்கிய கால் பாதியிலேயே இறங்கியது. எடுத்தேன். ஐந்தாவது தடவை காலைத் தூக்கவே இல்லை. தண்ணீர் குளம்பின் மேல்விளிம்பில் ரோமம் முடியும் இடத்தில் ஒரு நொடி தேங்கி, இரண்டாகப் பிரிந்து வழிந்தது. தோளில் மட்டும் தோல் சிலிர்த்து ஓடியது. ஈ உட்கார்ந்தால் அந்த ஒரு இடத்தை மட்டும் உதறுகிற தோல் அது. அவ்வளவு கூர்மையான தோலின் மேல் நான் முதல் நாள் குழாயை முழுக்கத் திறந்து அடித்திருக்கிறேன்.

அப்புறம் ஒரு காரியம் நடந்தது. தலையைத் தாழ்த்தினாள். கீழுதட்டைத் தொங்கவிட்டு நாக்கைச் சப்பினாள். பின்னங்கால் ஒன்றை மடித்து நுனியில் ஊன்றிக்கொண்டாள். ஓட நினைக்கிற குதிரை நான்கு காலையும் தரையில் வைத்திருக்கும். ஒரு காலுக்கு ஓய்வு கொடுக்கிற குதிரை அப்போதைக்கு எங்கும் போகப் போவதில்லை. தான் நின்றால் தண்ணீர் நிற்கிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. தண்ணீரை நிறுத்துகிற திருகு என் கையில் இருந்தது, ஆனால் திருப்புகிறவள் அவள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்பா தலையை ஆட்டிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்.

அங்கிருந்து எல்லாம் சுலபம் என்று சொல்ல மாட்டேன். ஒரு நாளைக்கு ஒரு சாண் ஏறினோம். குளம்பிலிருந்து முழங்கால், முழங்காலிலிருந்து தோள். மேலே போகிற ஒவ்வொரு முறையும் கீழே இருந்துதான் தொடங்கினோம். நேற்று தோள் வரை வந்தோமே என்று இன்று நேராகத் தோளில் ஊற்றக் கூடாது. இடப்பக்கம் முழுக்கப் பழகிய பிறகு வலப்பக்கம் போனால், இடப்பக்கத்தில் நடந்த எதுவுமே தெரியாதவள் போல விலகினாள். வலப்பக்கத்துக்குத் தனியாகக் கால் அலம்பலிலிருந்து ஆரம்பித்தோம். அது பாதி நாளில் முடிந்துவிட்டது என்பது வேறு விஷயம். வயிற்றின் அடியும் தொடை மடிப்பும் அவளுக்குக் கூச்சமான இடங்கள். அங்கே முதலில் வெறும் கை, அப்புறம் ஈரக் கை, அப்புறம் ஈரத் துணி, கடைசியில்தான் தண்ணீர். பின்னங்காலுக்குப் போகும்போது பின்னால் போய் நிற்கவே கூடாது. இடுப்போடு ஒட்டி, முகத்தை அவள் வால் பக்கம் வைத்துக்கொண்டு, ஒரு கையை அவள் பிட்டத்தின் மேல் வைத்தபடியே இருக்க வேண்டும். அந்தக் கை நான் எங்கே இருக்கிறேன் என்று அவளுக்குச் சொல்லும், அவள் என்ன செய்யப் போகிறாள் என்று எனக்கும் சொல்லும். உதைக்கும் முன் தசை இறுகும்.

ஒன்பதாம் நாள் மக்கிலிருந்து பைப்புக்கு மாறினோம். வாய்க்குழல் எதுவும் மாட்டாமல், வெறும் பைப், குழாயைக் கால்வாசி திறந்து. பீய்ச்சுகிற துப்பாக்கி மாதிரி ஒன்று விற்கிறார்களே, அதைக் குதிரைக்கு வாங்கவே வேண்டாம் என்பது என் கருத்து. இங்கே எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. வெயிலில் கிடந்த பைப்பில் தேங்கியிருக்கும் தண்ணீர் சுடும். மலைதானே, குளிர்ந்த ஊர்தானே என்று நினைக்கக் கூடாது. குழாயைத் திறந்து முதலில் வருவதை மண்ணில் விட்டு, என் முழங்கையில் பட்டுப் பார்த்து, அப்புறம்தான் அவள் காலுக்குக் கொண்டுபோவேன். அதே போலத் தொட்டித் தண்ணீர் மார்கழியில் விறைக்கும். புண் இருந்த முதுகுக்கு மட்டும் அடுப்பில் வைத்து வெதுவெதுப்பாக்கி எடுத்துப் போனேன்.

பன்னிரண்டாம் நாள் மருத்துவர் சொன்ன முழுக் கழுவல் நடந்தது. கையுறை போட்டு, மருந்துக் கரைசலை ஸ்பாஞ்சில் எடுத்து முதுகில் பிழிந்து, ஊறவிட்டேன். 10 நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று ஈரக் குதிரையோடு நின்று பார்த்தால்தான் தெரியும். அந்த 10 நிமிடமும் அப்பா அவள் முன்னால் உட்கார்ந்து புல்லை ஒவ்வொரு கொத்தாக நீட்டிக்கொண்டே இருந்தார். ஊறிய பொருக்குகள் இப்போது இழுக்காமலே வழுக்கிக்கொண்டு வந்தன. அவள் முதுகை வளைக்கவில்லை. அலசிய பிறகு, நீளவாக்கில் பிளந்து விளிம்பைத் தேய்த்து மழுக்கிய பிளாஸ்டிக் குழாய்த் துண்டால் ரோமம் படிந்த திசையிலேயே வழித்தோம். வழிக்க வழிக்கத் தண்ணீர் கொட்டுகிறது, ஒரு குதிரையின் ரோமம் அவ்வளவு தண்ணீர் பிடித்து வைத்திருக்கும். அப்புறம் பழைய துண்டு, துவைத்த சாக்கு, வெயில். ஈரம் காயும் முன் மேலே போர்வை போட்டால் செய்த வேலை அத்தனையும் வீண், உள்ளே புழுங்கிக் கிருமிக்குத்தான் வசதி. ஈரக் குதிரைக்கு என்று ஒரு வாசனை இருக்கிறது, நனைந்த சாக்கும் வைக்கோலும் லேசான இனிப்பும் கலந்த மாதிரி. அன்று முழுவதும் என் சேலையில் அது இருந்தது.

முகத்துக்குப் பைப் இன்றைக்கு வரை போகவில்லை, போகவும் போகாது. ஈரத் துணியால் துடைக்கிறேன். காதுக்குள் ஒரு சொட்டுப் போகக் கூடாது.

மூன்று வாரத்தில் முதுகு உலர்ந்து, புது ரோமம் குச்சி குச்சியாக முளைத்தது. நோய் போய்விட்டது, குளிப்பாட்டலாம் என்ற ஆசை வந்துவிட்டது. ஷாம்பூ போடலாமா, சீயக்காய் போடலாமா என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்டார்கள். நான் அதிலே இப்போது கண்டிப்பாக இருக்கிறேன். குதிரையின் தோலில் ஊறும் எண்ணெய்ப் பசைதான் மழையை உள்ளே விடாமல் வழிய விடுகிறது. அதை வாரா வாரம் நுரை போட்டுக் கரைத்துவிட்டு, அப்புறம் மழை நாட்டில் தோல் புண்ணாகிறதே என்றால் எப்படி? மாதத்துக்கு ஒரு தடவைகூட சோப்பு அவசியமில்லை. ஓடி வந்து வியர்த்தால் வெறும் தண்ணீர் போதும். குதிரையின் வியர்வை தேய்த்த இடத்தில் சோப்பு மாதிரி வெள்ளையாக நுரைக்கும், பார்த்திருப்பீர்கள். அதிலிருக்கும் லாதரின் என்ற புரதத்தின் வேலை அது. உப்பும் அந்த நுரையும் காய்ந்து ஒட்டிக்கொள்ளாமல் அலசிவிட வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அடிவாரத்தில் இருக்கிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதுதான். சூடான குதிரை மேல் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் நரம்பு இழுத்துக்கொள்ளும், ஆறின பிறகுதான் ஊற்ற வேண்டும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. எங்கள் தாத்தாவும் அப்படித்தான் நம்பினாராம். 1996-ல் அட்லாண்டாவில் ஒலிம்பிக் நடந்தபோது, அந்த ஊர்ப் புழுக்கத்தில் குதிரைகள் தாங்குமா என்று முன்கூட்டியே ஆராய்ந்தார்கள். சூடேறிய குதிரையின் உடம்பு முழுக்கக் குளிர்ந்த தண்ணீரை விடாமல் ஊற்றுவதால் தசை பிடித்துக்கொள்ளவில்லை, உடம்புச் சூடுதான் வேகமாக இறங்கியது. ஓய்வில் இருக்கும் குதிரையின் சூடு 37.5-லிருந்து 38.5 டிகிரி வரை இருக்கும். சேலத்துச் சித்திரை வெயில் 40-ஐத் தொடும் நாளில் வேலை செய்த குதிரையை ஆறட்டும் என்று சும்மா நிறுத்தி வைத்தால் ஆறாது, தவிக்கும். ஊற்றுங்கள். ஆனால் அந்த நாளில் ஊற்ற வேண்டுமென்றால் அதற்கு முன்பே ஏதோ ஒரு குளிர்ந்த காலையில், அவசரம் இல்லாத நாளில், கால் அலம்பலிலிருந்து பழக்கியிருக்க வேண்டும். உயிருக்குத் தவிக்கும் நேரத்தில் பழக்க முடியாது.

நம் ஊர்த் தட்பவெப்பம் குதிரைக்கு ஆகாது என்று சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 13-ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டைப் பார்த்துப் போன மார்க்கோ போலோ, இங்கே ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் கப்பலில் வந்து இறங்குவதையும், ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலானவை செத்துப்போவதையும் எழுதி வைத்திருக்கிறார். பராமரிக்கத் தெரியாததுதான் காரணம் என்பது அவர் கட்சி. அவர் சொன்னது எல்லாவற்றையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் அதைப் படித்தபோது என் கையில் வந்த அந்த ரோமக் கொத்துதான் நினைவுக்கு வந்தது. மழை அவளைப் புண்ணாக்கவில்லை. மழையில் விட்டவள் நான்.

மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்கலாமா என்பார்கள். மண் குதிர், அதாவது ஆற்றுக்குள் இருக்கும் மணல் திட்டு, அதைத்தான் சொன்னார்கள், பேச்சில் குதிரை ஆகிவிட்டது என்று அப்பா அடித்துச் சொல்வார். எது சரியோ, செவலை எங்களை நம்பித் தண்ணீருக்குள் வந்த நாளிலிருந்து எனக்கு அந்தப் பழமொழி மறுபக்கத்திலிருந்து கேட்கிறது. இறங்குவது அவள். மண்ணா கல்லா என்று பார்த்துக்கொண்டிருப்பதும் அவள்தான்.

இப்போதும் சில நாள் அவளுக்குப் பிடிக்காது. பனி அதிகமான காலை, பக்கத்தில் மர அறுவை இயந்திரம் ஓடுகிற நாள், காற்று. அன்றைக்குக் குளம்போடு நிறுத்திவிடுவேன். நின்றாள், எடுத்தேன், முடிந்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்திருந்தார். முழங்கால் வலி, அதனால் திண்ணையில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். கயிற்றைக் கழுத்தில் போட்டுவிட்டு, யாரும் பிடிக்காமல், நான் செவலையின் தோளிலிருந்து முதுகுக்குப் பைப்பைக் கொண்டுபோனேன். பாதி முதுகு நனைந்திருக்கும், கரண்ட் போய்விட்டது. மோட்டார் நின்றது. பைப்பில் தண்ணீர் ஒல்லியாகி, சொட்டாகி, நின்றுவிட்டது. அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கழுத்தைத் திருப்பி, என் கையிலிருந்த பைப்பின் வாயை மோந்து பார்த்தாள். மேலுதட்டால் அதை ஒரு தடவை தள்ளினாள்.

"வாளியில மொண்டு ஊத்து கண்ணு, நிக்குதுல்ல" என்றார் அப்பா.

போய் மொண்டு வந்தேன்.